டீச்சரைக் கேளுங்கள்: 'எங்களில் யாரும் ஆசிரியர் இல்லை, உதவ முடியுமா?'

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். அப்பா இல்லை. அம்மாவுக்கு இரவு வேலை. எல்லாப் பாடத்திலும் பின்தங்கி, 'மக்கு' என்று பெயர் வாங்கிவிட்டான். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து நோட்டும் பையும் வாங்கிக் கொடுத்தோம். எங்களில் யாரும் ஆசிரியர் இல்லை. இன்னும் என்ன செய்யலாம், டீச்சர்? - ஒரு வாசகி

பதில்: உங்களைப் போல நாலைந்து பேர் கிடைத்ததே அந்தப் பையனுக்குப் பெரிய பலம் அம்மா. முதலில் அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பாருங்கள். அவனுடைய பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். அவன் பார்த்திராத ஒரு சின்னக் கதையைக் கொடுங்கள். கதை வரவில்லையா, ஒரு வரி. அதுவும் வரவில்லையா, சொற்கள். அப்புறம் எழுத்துகள். எங்கே தடுமாறாமல் வாசிக்கிறானோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

தொடக்கப் பள்ளியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாடம் முழுவதையும் கடகடவென்று சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்டால், விரலை முதல் வரிக்குக் கொண்டுபோய், முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேருவார்கள். அவ்வளவும் மனப்பாடம். வாசிக்கத் தெரியாது என்பதை மறைக்க அந்தப் பிள்ளை எவ்வளவு உழைத்திருக்கும், பாருங்கள்! அதை மக்கு என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆசிரியர் இல்லையே என்று தயங்க வேண்டாம். மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, அந்தந்தப் பகுதியில் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களையே இந்த வேலைக்கு அமர்த்தியது. மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளை, 15 முதல் 20 பேர் கொண்ட குழுவாக, பள்ளி நேரத்திலேயே தினம் இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரும் சேர்ந்து அதை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் தேர்ச்சி நன்றாகவே கூடியிருந்தது. அதிலும், மிகவும் பின்தங்கியிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். நாலைந்து பேரும் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொள்ளாதீர்கள். இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்றால் ஒவ்வொருவரிடமும் அவன் முதலிலிருந்து கூச்சப்பட வேண்டும். ஒருவர் மட்டும் அவனோடு உட்காரட்டும், தினம் அதே நேரத்தில். மற்றவர்கள் அந்த நேரம் தவறாமல் நடக்க வழி செய்யுங்கள். வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் பேசலாம். அம்மாவிடமும் பேசுங்கள், குறையாக அல்ல; 'இன்று இந்தக் கதையை வாசித்தான்' என்று.

ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல இடர்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பொறுப்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானது, தங்கள்மேல் அக்கறை கொண்ட ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தது. தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராகவும் இருக்கலாம். உங்களில் ஒருவர் அவனுக்கு அந்த ஆளாக இருக்க முடியும்.

கண்ணையும் காதையும் மறக்காமல் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமலேயே வருடக்கணக்கில் திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு.

கேள்வி: என் பேத்தி நன்றாகப் படிப்பாள். பின்தங்கிய பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அவள் படிப்பு கெடாதா? - ஒரு வாசகர்

பதில்: கெடாது ஐயா. இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லும்போது தனக்கே தெளிவாகும். ஆனால் தினமும் அவளையே சொல்லிக் கொடுக்க வைக்காதீர்கள், அவளும் குழந்தைதான்.

கேள்வி: எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறோம். சில மாதம் ஆகியும் ஒரு பெண்ணுக்கு மார்க் ஏறவில்லை. 'எதற்கு வீண் வேலை' என்கிறார் அவள் அப்பா. என்ன சொல்வது? - இன்னொரு வாசகி

பதில்: மார்க்கைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். இரண்டாம் வகுப்பு நிலையில் இருந்தவள் மூன்றாம் வகுப்பு நிலைக்கு ஏறியிருந்தாலும், ஐந்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் அது தெரியாது. மாதம் ஒருமுறை அவள் வாசிப்பதைக் கேட்டு, எங்கே தடுமாறினாள் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்பாவிடம் அந்த நோட்டைக் காட்டி, அவர் எதிரிலேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

நோட்டில் முன்னேற்றமே தெரியவில்லை, அறிந்த எழுத்துகளிலேயே குழம்புகிறாள் என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, சிறப்புக் கல்வி ஆசிரியர் யாரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். அதுவரை மாலை வகுப்பை நிறுத்த வேண்டாம்.