கார்பெட்டில் கருகிய இடமும் பிரிந்த நூலும்: புதிது வாங்காமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். கார்பெட்டில் வந்த இரண்டு சேதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய இடம், கதவோரத்தில் வரிசையாகப் பிரிந்துவந்த நூல். இரண்டையும் என் வீட்டில் நானே சரிசெய்திருக்கிறேன். உள்ளங்கை அளவு சேதத்துக்காக ஓர் அறை கார்பெட்டையே சுருட்டி வெளியே போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

முதலில் ஒரு மூலையைத் தூக்கி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். இன்று வீடுகளில் கிடப்பதில் பெரும்பாலானவை நெய்தவை அல்ல. ஒரு துணியில் ஊசிகளால் நூலைக் குத்தி ஏற்றி, பின்னால் ரப்பர் போன்ற லேடெக்ஸ் பசை பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். நூலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பசைதான். சுரண்டினால் அது பொடியாக உதிர்கிறது, இரண்டு துணியும் தனித்தனியாக உரிகிறது என்றால் மேலே நீங்கள் என்ன வேலை செய்தாலும் நிற்காது, கார்பெட்டையே மாற்றிவிடலாம். முதுகு உறுதியாக இருந்தால் மேல்பக்கம் எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் காப்பாற்றிவிடலாம்.

அடுத்து, நூல் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை வெட்டி எடுங்கள். ஒன்றை இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, மிஞ்சியது விரலில் பொடியானால் கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. செயற்கை என்றால் இன்னொரு இழையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, காற்றுக் குமிழ் போகும்படி விரலால் பிசைந்து தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். நைலானும் பாலியெஸ்டரும் தண்ணீரைவிட அடர்த்தியானவை, மூழ்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தால் இழை நிமிரும் என்று யாராவது சொல்லி, நீங்கள் அதை இந்தக் கார்பெட்டில் செய்தால் ஒரு கருகலுக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்துவிடும்.

கருகல் நுனியோடு நின்றிருந்தால் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலால் கறுத்த நுனிகளை மட்டும் மேலோட்டமாக வெட்டிவிட்டால் போதும். அடித்துணி வரை போயிருந்தால் ஒட்டு போட வேண்டும். இந்த வேலைக்கு அவசரப்படக் கூடாது.

கார்பெட்டைக் கையால் ஒரு பக்கமாகத் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் படிந்து நிறம் வெளிறித் தெரியும். எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்த்துக்கொண்டு கறுத்துத் தெரியும். இழை சாயும் இந்தத் திசையைக் காகித டேப்பில் அம்புக்குறி போட்டுச் சேதத்தின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எடுக்கப்போகும் துண்டிலும் அதே அம்புக்குறி வேண்டும். திசை மாறினால், வெட்டும் பசையும் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், அறை வாசலில் நின்று பார்ப்பவருக்கு அந்தச் சதுரம் பளிச்சென்று தெரியும்.

வெட்டப்போகும் கோட்டின் இருபுறமும் இழைகளைச் சீப்பால் வகிடு எடுத்துப் பிரித்துவிட்டு, இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடால் அடித்துணியை மட்டும் வெட்டுங்கள். இழையை வெட்டிவிட்டால் ஓரம் மொட்டையாகிவிடும். சேதத்தைவிடக் கொஞ்சமே பெரிய சதுரம் போதும். வெட்டி எடுத்ததையே அளவாக வைத்து மாற்றுத் துண்டை வெட்டுங்கள். கார்பெட் போட்டபோது மிஞ்சிய துண்டு புதுக்கருக்கு மாறாமல் இருக்கும், நிறம் தனியாகத் தெரியும். நான் அலமாரிக்கு அடியிலிருந்தும் எடுக்க மாட்டேன். கொஞ்சமாவது வெளிச்சமும் கால்படலும் பட்ட அறை மூலைதான் நிறம் சேரும்.

குழிக்கு அடியில் இருபக்கமும் ஒட்டும் கார்பெட் டேப்பை, நான்கு ஓரத்துக்கும் உள்ளே புகும்படி விரியுங்கள். வெட்டிய விளிம்புகளில் அடித்துணி மட்டத்தில் லேடெக்ஸ் பசையை மெல்லிய கோடாகத் தடவுங்கள். இழை மேல் பசை ஏறக் கூடாது. துண்டைப் பொருத்தி, எல்லை தெரியாதபடி இழைகளை ஒன்றோடொன்று கோதிவிட்டு, கனமான எதையாவது ஏற்றி ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

கதவோர நூலுக்கு வருகிறேன். அது லூப் வகையாக, அதாவது நூல் வெட்டப்படாமல் வளையம் வளையமாக நிற்கும் வகையாக இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று இழுத்தால் ஸ்வெட்டர் போல வரிசையாக உருவிக்கொண்டே போகும். இன்னும் பிரியாத கடைசி லூப்பின் அடியில் முதலில் ஒரு சொட்டுப் பசை வைத்து அங்கேயே நிறுத்துங்கள். பிறகு காலியான வரிசையில் பசை தடவி, மழுங்கிய கோணி ஊசியால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பக்கத்து லூப்பின் உயரத்துக்கே ஒவ்வொரு லூப்பாக அமுக்குங்கள். இரண்டு லூப்புக்கு நடுவே நூல் பசைக்குள் படிந்திருக்க வேண்டும். அப்படியே கதவின் அடிப்பக்கம் உரசுகிறதா, ஓரப் பட்டை கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை விட்டுவிட்டால் நூல் திரும்பவும் பிரியும்.

மேஜைக் கால் அழுத்திய பள்ளங்களுக்கு ஐஸ் கட்டி போதும். உருகியதும் ஒற்றி எடுத்து விரலால் நிமிர்த்துங்கள். பிளீச் பட்டு வெளுத்த இடத்துக்கும் இதேபோல ஒட்டு போடலாம்.

மூலையைத் தூக்கிப் பார்க்கும்போது முதுகிலும் அதே சித்திரம் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால், அது கையால் முடிச்சுப் போட்ட கம்பளம். அதற்கு மேலே சொன்ன பிளேடும் வேண்டாம், பசையும் வேண்டாம். பசை இறுகிய இடத்தில் பிறகு ஊசி இறங்காது. மறுபடி முடிச்சுப் போட வருபவருக்கு அது பெரிய தொல்லை. ஓரத்தில் தொங்கும் குஞ்சம் பாவு நூலின் (நீளவாக்கில் ஓடும் நூலின்) முனை, அலங்காரத்துக்குத் தைத்தது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். பிரிகிற ஓரத்தை அதே நிறப் பருத்தி நூலால் ஊடையை (குறுக்கு நூலை)ச் சேர்த்துப் பிடித்துத் தைத்து நிறுத்திவிட்டு, கம்பளம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.