மதீனா உடன்படிக்கையில் குறைழாவின் பெயர் இருக்கிறதா?

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்கில் மதீனா உடன்படிக்கையும் யூதக் குலங்களும் பற்றிக் கட்டுரை வாசிக்கப் போகிறேன். பனூ குறைழா கையெழுத்திட்ட மூலப் பத்திரம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதைச் சேர்க்கலாமா? – முதுகலை மாணவி

பதில்: வேண்டாம், எடுத்துவிடுங்கள். 622-இல் நபிகளார் மதீனா வந்தபின், அங்கிருந்த முஸ்லிம்களும் யூதர்களும் சேர்ந்து வாழ எழுதப்பட்ட அந்த உடன்படிக்கையின் மூல ஏடு இன்று எங்கும் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது முக்கியமாக, நபிகளாரின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் பதிவு செய்து, அந்த நூலைத் தொகுத்த இப்னு ஹிஷாம் வழியாக வந்த வாசகம். அதைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

ஆனால் அந்த வாசகத்தில் மதீனாவின் மூன்று பெரிய யூதக் குலங்களான கைனுகா, நதீர், குறைழா என்ற பெயர்களே கிடையாது. ‘பனூ அவ்ஃபின் யூதர்கள்’ என்பதுபோல, அரபுக் குலங்களைச் சொல்லித்தான் யூதர்களைக் குறிப்பிடுகிறது. 627-இல் மக்காவினர் மதீனாவை முற்றுகையிட்ட அகழ்ப் போரின்போது குறைழாவின் தலைவர் கஅப் பின் அசத் முறித்ததாக இப்னு இஸ்ஹாக் சொல்லும் ஒப்பந்தம் இதுதானா, வேறா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. உங்கள் கட்டுரைக்கு, “இப்னு இஸ்ஹாக் கூற்றுப்படி” என்று தொடங்கினால் போதும்.

பத்திரம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். காரணம், 11-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் நடந்த ஒரு சங்கதி. மதீனாவுக்கு வடக்கே உள்ள கைபர் ஊர் யூதர்களுக்கு, முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டும் ஜிஸ்யா வரியை நபிகளாரே தள்ளுபடி செய்ததாக ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். அமைச்சர் அதை வரலாற்றாசிரியர் அல்கதீப் அல்பக்தாதியிடம் காட்டினார். அவர் பார்த்தது சாட்சிகளின் பெயரை மட்டும்தான். ஒருவர் ஸஅத் பின் முஆத். அகழ்ப் போருக்குப் பின் குறைழா ஆண்களைக் கொல்லும்படி தீர்ப்புச் சொன்னவர். அவர் 627-லேயே இறந்துவிட்டார், கைபர் போர் நடந்ததோ 628-இல். இன்னொரு சாட்சி, பிற்காலத்தில் கலீஃபாவான முஆவியா. அவர் இஸ்லாத்தில் சேர்ந்தது 630-இல் மக்கா வெற்றியின்போது. போலி என்று அங்கேயே முடிந்தது. உங்களுக்கு வந்த படத்தில் சாட்சிகள் பெயர் இருந்தால் நீங்களும் இப்படிப் பார்க்கலாம், அரபு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம், “கட்டுரை எழுதித் தருகிறோம்” என்று பல்கலைக்கழக வாசலில் கடை போட்டிருப்பவர்களிடம் போகாதீர்கள். உடன்படிக்கையில் ‘47 விதிகள்’ என்று அவர்கள் தரும் கணக்கு அந்த வாசகத்தில் இல்லை; பிற்கால ஆய்வாளர்கள் பிரித்து எண்ணியது, 52 என்று எண்ணியவரும் உண்டு. நம் நூலகங்களோ ஸீரா என்னும் நபிகளார் வரலாற்று நூல்களை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, கருத்தரங்குச் சான்றிதழை மட்டும் அள்ளிக் கொடுக்கின்றன. மாணவர்கள் கடைக்குப் போகாமல் என்ன செய்வார்கள்?

குறைழா ஆண்கள் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 600–700, சிலர் கூற்றில் 800–900 என்று இப்னு இஸ்ஹாக்கே இரண்டு கணக்கு தருகிறார். இரண்டையும் அவர் பெயரோடு எழுதிவிடுங்கள்.