‘ட’ போல வளைந்த ஹாலில் சோபாவை எங்கே போடுவது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஹால் ‘ட’ எழுத்து மாதிரி இருக்கிறது. நீளம் 22 அடி, அகலம் 10 அடிதான். ஒரு கோடியில் வாசல் கதவு, மறுகோடியில் மேற்குப் பார்த்த பால்கனி. இடது சுவரில் இரண்டு பெட்ரூம் கதவும் பாத்ரூம் கதவும். வாசலுக்குப் பக்கத்தில் வலதுபுறம் திரும்பும் 9-க்கு 8 அடி இடத்தில் டைனிங் டேபிள், அதை ஒட்டி சமையலறை. மூன்று பேர் சோபா, ஒற்றை சோபா இரண்டு, கண்ணாடி டீப்பாய் எல்லாம் போட்டபிறகு நடக்கவே இடமில்லை. வாசல் பக்கச் சுவரில் டிவி. மதியம் மூன்று மணிக்கு மேல் திரையில் பால்கனிதான் தெரிகிறது. இருப்பது ஒரே டியூப்லைட், திருப்பம் பகலிலேயே இருட்டு. ஃபால்ஸ் சீலிங் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். மாமியார் டீப்பாயில் இரண்டு முறை இடித்துக்கொண்டார், இப்போது ஹாலுக்கே வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கடைசியில் எழுதிய விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் வயதானவர் ஒருவர் அறைக்குள்ளேயே இருக்கத் தொடங்கிவிட்டார் என்றால், சீலிங்கில் என்ன லைட் போடலாம் என்ற பேச்சை எல்லாம் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். அவர் தன் அறையிலிருந்து எழுந்து பாத்ரூமுக்கும், சாப்பாட்டு மேசைக்கும், பால்கனிக்கும் எதிலும் இடிக்காமல் போய் வர ஒரு வழி வேண்டும். அந்த வழியை முதலில் ஒதுக்குங்கள், மிச்சம் இருக்கும் இடத்தில்தான் சாமான். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். சோபாவையும் டிவியையும் போட்டுவிட்டு, இடுக்கில் மனிதர்கள் நுழைந்து போகிறார்கள்.

உங்கள் வீட்டில் அந்த வழி எது என்பது தெளிவாகவே இருக்கிறது. எல்லாக் கதவும் இடது சுவரில். ஆகவே வாசலில் இருந்து பால்கனி வரை இடது சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்கு ஒன்றுமே இருக்கக்கூடாது. செருப்பு ஸ்டாண்ட், தண்ணீர் கேன், பிள்ளைகளின் சைக்கிள், எதுவும்.

தரையில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இப்போதைய ஃப்ளாட்களில் அநேகமாக அதுதான் இருக்கும். அப்படி என்றால் உங்கள் தரையே கட்டம் போட்ட தாள். நீளவாக்கில் 11 டைல், அகலத்தில் 5 டைல். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பால்கனிக்கும் திருப்பத்துக்கும் நடுவே வலது பக்கம் கதவே இல்லாத 14 அடிச் சுவர் இருக்கிறது இல்லையா, அதுதான் உங்கள் ஹாலின் சொத்து, டிவி அங்கேதான் வர வேண்டும். அந்தச் சுவரில் இருந்து அரை டைல் தள்ளி ஒரு கோடு, அது டிவிக்குக் கீழே வரும் ஒடுக்கமான பலகைக்கு. அதிலிருந்து ஒன்றரை டைல் கால் நீட்ட. அடுத்த ஒன்றரை டைல் பெரிய சோபாவின் ஆழம், சாதாரணமாக அது 3 அடிதான் இருக்கும். அப்புறம் மிச்சம் எண்ணிப் பாருங்கள், சரியாக ஒன்றரை டைல், அதாவது நாம் ஒதுக்கிய அதே 3 அடி வழி!

ஆம், சோபா சுவரில் ஒட்டாமல் நடு ஹாலில் நிற்கும், முதுகு நடக்கும் வழியைப் பார்த்து இருக்கும். கேட்டதும் உங்கள் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்பார்கள், எனக்குத் தெரியும். சாமானைச் சுவரோடு ஒட்டினால்தான் இடம் பெரிதாகும் என்பது நமக்கு ஊறிப்போன நினைப்பு. அகலமான ஹாலுக்கு அது பரவாயில்லை. உங்களுடையது ரயில் பெட்டி மாதிரி, அதில் இரண்டு பக்கமும் சாமானை ஒட்டினால் நடுவில் எஞ்சுவது நடைபாதைதான், உட்காரும் இடம் என்று ஒன்று உருவாகவே உருவாகாது. இப்போது உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். சோபா தள்ளி நின்றால் அதன் முதுகே ஒரு சுவர் மாதிரி ஆகிவிடும், உள்ளே ஒரு சின்ன அறை, வெளியே ஒரு வழி. டிவி பார்ப்பவர் குறுக்கே யாரும் போக வேண்டியதில்லை.

இன்னொன்று, ஃபேன். குளிர் நாடுகளின் அறைப் படங்களைப் பார்த்து நாம் சாமான் போட முடியாததற்கு இதுவே பெரிய காரணம். 22 அடி ஹாலில் பொதுவாக இரண்டு ஃபேன் கொக்கி விட்டிருப்பார்கள், அகலத்தில் நடு மையமாக, சுவரில் இருந்து 5 அடியில். சாக்பீஸ் கோட்டைத் திரும்பப் பாருங்கள், சோபாவில் உட்காருபவர் தலைக்கு மேலேயே ஃபேன் வந்துவிடுகிறது. பால்கனிப் பக்க ஃபேன் மையத்துக்கு நேராக சோபாவின் நடுவையும், டிவியின் நடுவையும் வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவர் கண்ணுக்கும் திரைக்கும் 6 அடிக்குச் சற்றுக் குறைவாக வரும், 43 அங்குல டிவிக்கு அது பொருத்தமான தூரம். திரையின் நடுப்பகுதி தரையில் இருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். நிறைய வீடுகளில் சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டி, கழுத்து வலிக்கத் தினமும் அண்ணாந்து பார்க்கிறார்கள். வெயிலும் இனித் திரையில் நேராக விழாது, பால்கனி பக்கவாட்டில் போய்விட்டது. பால்கனிக்கு மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று போட்டால் மீதியும் அடங்கும்.

சோபாவின் பின்பக்கம் பெரும்பாலும் கறுப்புத் துணியை ஸ்டேபிள் அடித்து மூடியதாக இருக்கும், யாரும் பார்க்கப் போவதில்லை என்று செய்தது. உங்களுடையதும் அப்படி என்றால் பவானி ஜமுக்காளம் ஒன்றை வாங்கி முதுகின் மேல் தொங்கவிடுங்கள். கனமானது, சரியாது, வாசலில் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது அந்த நிறக் கோடுகளாக இருக்கும்.

கண்ணாடி டீப்பாய் போகட்டும். யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காபி டம்ளர் வைக்க சோபா ஓரத்தில் ஒரு ஸ்டூல் போதும். ஒற்றை சோபா ஒன்றை பெட்ரூமில் போடுங்கள். மற்றது மாமியாருக்கு. பெரிய சோபாவின் வாசல் பக்க முனையில், கொஞ்சம் இடைவெளி விட்டு, பால்கனியைப் பார்த்தபடி போடுங்கள். அங்கிருந்தால் டிவியும் தெரியும், வாசலில் வருபவர் குரலும் கேட்கும். இருக்கை தரையில் இருந்து ஒன்றரை அடி உயரம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதற்குக் குறைந்தால் முட்டி வலிக்காரர் எழுவது கஷ்டம், தச்சரிடம் சொல்லிக் கால்களுக்கு அடியில் கட்டை வைக்கலாம். சோபாவின் கை பிடித்து எழும்படி கெட்டியாக இருக்க வேண்டும்.

சரி, வெளிச்சம். உங்கள் டியூப்லைட்டில் குறை ஒன்றும் இல்லை. வெளிச்சம் நேராகத்தான் போகும், ‘ட’வில் திரும்பாது. அதனால் அந்த ஒரே லைட்டை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் சாப்பாட்டு மேசை நிழலில்தான் இருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். 10 அடி அகல அறையில் கூரையை மேலும் அரை அடி இறக்கினால் குகைக்குள் இருப்பது போல ஆகிவிடும். அதோடு அதில் பதிக்கும் சின்ன லைட்டுகள் ஃபேன் இறக்கைக்கு மேலே வரும். ஃபேன் சுற்றும்போது ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், சுவரிலும் புத்தகத்திலும் நிழல் படபடக்கும். ஒரு உறவினர் வீட்டில் அப்படி ஒரு ஹாலில் பத்து நிமிடம் பேப்பர் படித்தேன், தலைவலி வந்துவிட்டது. அவர்கள் ஃபேனைப் போட்டால் லைட்டை அணைக்கிறார்கள், லைட்டைப் போட்டால் ஃபேனை அணைக்கிறார்கள். சென்னையில், மே மாதத்தில்!

நம் வீடுகளுக்கு இறக்கைக்குக் கீழே இருக்கும் வெளிச்சம்தான் நல்லது. டியூப்லைட் அப்படியே இருக்கட்டும், பெருக்கித் துடைக்க, விருந்தாளி வர, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுத. அதற்கு மேல் மூன்று லைட் போதும். டிவிச் சுவரில் ஆறடி உயரத்தில் மேல்நோக்கி வெளிச்சம் காட்டும் சுவர் விளக்கு ஒன்று. மாமியார் நாற்காலிக்குப் பின்னால், தோளுக்குப் பக்கமாக, படிக்க ஒரு நிற்கும் விளக்கு. அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு இளவயதுக்காரரைப் போல இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும், அவர் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார் என்றால் அதற்கும் இது காரணமாக இருக்கலாம். மூன்றாவது, சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு தொங்கு விளக்கு, மேசைப் பலகையில் இருந்து இரண்டரை அடி உயரத்தில். இன்னும் மேலே போனால் கண்ணில் குத்தும், கீழே வந்தால் எதிரில் இருப்பவர் முகம் மறையும்.

பல்பு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு வெளிச்சம் என்பதை அட்டையில் போட்டிருக்கும் லூமன் கணக்குத்தான் சொல்லும், 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லூமன் தரும். நிறத்துக்குக் கெல்வின் எண். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, உங்கள் டியூப்லைட் அநேகமாக அதுதான். புதிதாக வைக்கும் மூன்றுக்கும் 3000 வாங்குங்கள், விளக்கேற்றிய நிறத்துக்குக் கிட்டத்தில் இருக்கும், தட்டில் இருக்கும் சாம்பாரும் சாம்பார் நிறத்தில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச் கட்டாயம். சுவரை வெட்ட மனமில்லை என்றால் கேசிங் பட்டையில் வயர் இழுத்தால் போதும்.

பகல் இருட்டுக்கு லைட் தேவையில்லை. டிவியைக் கழற்றியதும் வாசல் பக்கத்தில் அந்தச் சுவர் காலியாகிவிடும், அது பால்கனிக்கு நேர் எதிர். அதற்குப் பளபளப்பில்லாத வெள்ளை அடியுங்கள், பால்கனி வெளிச்சத்தை வாங்கித் திருப்பத்துக்குள் பரப்பும். கண்ணாடி மாட்டச் சொல்வார்கள், மாட்ட வேண்டாம், மாலை வெயில் அதில் பட்டு சோபாவில் இருந்து எழுபவர் கண்ணிலேயே அடிக்கும்.

வாசலை ஒட்டி இப்போது 8 அடி நீளத்துக்கு ஒரு வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப எதையும் வாங்காதீர்கள், தயவுசெய்து. உறவுக்காரர்கள் பத்துப் பேர் வந்தால் பாய் விரிக்க, நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட அந்த இடம் வேண்டும்.

டிவிக்குச் சுவரில் துளை போடும் முன் ஒரு வாரம் சோபாவை மட்டும் நகர்த்தி வைத்துப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்ப்பதைவிட, மாமியாரை ஒரு தடவை அறையில் இருந்து பாத்ரூமுக்கும், அங்கிருந்து நாற்காலிக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள், எங்கே அவர் கை சுவரைத் தேடுகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில், முழங்கால் உயரத்தில், இரவு முழுக்க எரியும் அரை வாட் விளக்கு ஒன்றைச் செருக ஒரு பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்.