அரைப் பேர் ஜோக்குக்கு யார் சிரிப்பது?

கேள்வி: கொழும்பில் கம்ப்யூட்டர் படிக்கிற என் தம்பி அடிக்கடி எக்ஸ்கேசிடி என்ற வெப்காமிக்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். கண், மூக்கு இல்லாத குச்சி மனிதர்கள். கூடவே விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை நாலு. எனக்குச் சிரிப்பே வருவதில்லை. "உனக்கு ஹியூமர் சென்ஸே இல்லக்கா" என்கிறான். கோளாறு என்னிடமா, படத்திலா?
- ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: இரண்டிலும் இல்லை தங்கச்சி. அதை 2005இலிருந்து வரைந்து வரும் ராண்டல் மன்றோ பௌதிகம் படித்தவர், நாசாவில் ரோபோ வேலை பார்த்தவர். தன்னைப் போன்ற ஆட்களுக்காகத்தான் வரைகிறார். 2007இல் வந்த ஒரு படத்தைத் தம்பி கட்டாயம் அனுப்பியிருப்பான்: ஓர் அம்மா மகனுக்கு வைத்த விசித்திரமான பெயரைப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் கட்டளை என்று எடுத்துக்கொள்ள, அந்த வருட மாணவர் பதிவு முழுக்க அழிந்துபோகும். டேட்டாபேஸோடு மல்லுக்கட்டியவனுக்கு அது வயிறு வலிக்கிற சிரிப்பு, நமக்கு அது யாரோ ஒரு பையனின் பெயர்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு ஜோக் உண்டு. விபரம் எடுக்க வந்த வெளியூர்க்காரர் வாசலில் நின்ற பொடியனிடம் "உங்கம்மா பேர் என்ன?" என்று கேட்டாராம். பொடியன் சொன்னானாம்: "இன்னைக்கு அரைப் பேர்தான் சேர்." இதைக் கேட்டு என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார், அதுவும் எத்தனையாவது தடவையோ. கொழும்பிலிருந்து வந்த நண்பனிடம் சொன்னேன், முழித்தான். சரியென்று விளக்கினேன்: தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பெயர் 'பேர்', கொழுந்து சொன்ன கிலோவுக்கு வராவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் "ஐயோ பாவம்" என்றான். அதோடு முடிந்தது ஜோக். நகைக்குத் தொல்காப்பியர் சொன்ன நாலு காரணத்தில் பேதைமையும் ஒன்று. அம்மாவைச் சிரிக்க வைத்தது அந்த வெளியூர்க்காரரின் பேதைமை, ஆனால் நண்பன் நின்றதும் அதே வெளியூர்க்காரரின் பக்கத்தில்தானே, எப்படிச் சிரிப்பான்?

அதற்காக 'எல்லாம் அவரவர் ரசனை' என்று கைகழுவுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. மோசமான காமிக்ஸ் இருக்கத்தான் செய்கிறது. மூன்றாவது கட்டத்திலேயே சிரிப்பு முடிந்த பிறகும் நாலாவது கட்டத்தில் ஒரு ஆள் வந்து விளக்கம் சொன்னால், அது ரசனைக் கோளாறு இல்லை, வரைந்தவரின் கோளாறு.

எல்லாருக்கும் பிடிக்கிற ஜோக்கையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் 2001இல் தொடங்கி இணையம் வழியாக 40,000க்கு மேல் ஜோக்குகள் சேர்த்து மார்க் போடச் சொன்னார். ஜெயித்தது இது: வேட்டைக்குப் போன இடத்தில் கூட வந்தவன் சுருண்டு விழ, மற்றவன் அவசர உதவிக்குப் போன் போட்டு "ஆள் செத்துட்டான் போல" என்கிறான். "முதல்ல செத்தது நிச்சயமா பாருங்க" என்கிறார்கள். டுமீல் என்று ஒரு சத்தம். "சரி, அடுத்து என்ன செய்ய?" என்கிறான். எனக்கு லேசாக உதடு விரிந்தது, அவ்வளவுதான். யாருக்கும் வெறுப்பில்லாததுதான் ஜெயிக்கும் போல.

அப்புறம் ஒன்று. ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர், ஆள் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் 30 மடங்கு அதிகம் சிரிப்பதாகச் சொன்னார். நீங்கள் ராத்திரி தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து சிரிப்பு வரும்? தீபாவளிக்குத் தம்பி வரும்போது அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதற்கு முன்னால் அந்த அரைப் பேர் ஜோக்கை அவனுக்கு அனுப்பி வையுங்கள். விளக்கம் கேட்டானென்றால் எனக்கு எழுதுங்கள்.