லைசன்ஸ் விசாரணைக்கு வரச்சொல்லி ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால் என்ன நடக்கும்?

சரக்கு வேனில் ஆள் ஏற்றியதற்காக "உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக்கூடாது?" என்று நோட்டீஸ் வந்திருக்கிறது, விசாரணையில் என்ன கேட்பார்கள், வக்கீல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நோட்டீஸ் 2022-ல் எனக்கும் வந்தது.

நான் ஏர்வாடிப் பக்கம் குட்டியானை ஓட்டுகிறேன். மீன் பெட்டி, ஐஸ், சில நாள் அரிசி மூட்டை. கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் கரை வரைக்கும் பின்னால் ஏறிக்கொள்வார்கள். எல்லோரும் எனக்கு அக்கா, சின்னம்மா முறை, காசு வாங்கியதில்லை. ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆய்வாளர் நிறுத்தினார். பின்னால் ஒன்பது பேர். செக் ரிப்போர்ட் (சோதனை அறிக்கை) எழுதினார், அபராதத்தைக் கட்டினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது.

அபராதம் வேறு, லைசன்ஸ் மீதான நடவடிக்கை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 19-ன்படி உரிமம் வழங்கும் அதிகாரியே அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் உங்கள் தரப்பைக் கேட்காமல் செய்ய முடியாது. அப்படிக் கேட்பதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். எந்தெந்தத் தவறுக்கு என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-வது விதியில் இருக்கிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, அதிக பாரம், அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது செல்போன் பேசுவது எல்லாம் அதில் வரும்.

கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் கிடையாது. காலை பத்தரைக்கு வரச்சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் ஒரு எழுத்தர், நடுவில் என் ஃபைல். மொத்தம் ஏழெட்டு நிமிஷம். செக் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டிவிட்டு, "ஆள் ஏற்றியது உண்மையா?" என்று கேட்டார். "உண்மைதான் சார், வாடகை வாங்கலை" என்றேன். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் விதி ஒன்றுதான் என்றார். பிறகு விதியைப் படித்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. அடுத்து அவர் கேட்டது இன்றும் மனதில் நிற்கிறது: "உங்க சின்னம்மா கீழே விழுந்திருந்தா யாரு பணம் கட்டுவா?" சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், அன்றைக்குத்தான் எனக்கே அது தெரியும்.

பேசுவதைவிட எழுதிக் கொடுப்பதுதான் முக்கியம். அந்த ஏழு நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதி, நோட்டீஸ் எண், தேதி போட்டு, இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் சீல் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். லைசன்ஸ், நோட்டீஸ், அபராத ரசீது எல்லாம் அசலும் நகலுமாக வேண்டும். அந்த நாளில் வண்டியை வேறு ஆள் ஓட்டியிருந்தாலோ, வண்டி எண்ணைத் தப்பாக எழுதியிருந்தாலோ அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். செக் ரிப்போர்ட்டின் நகலையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

தவறு நடந்தது உண்மை என்றால் மறுக்காதீர்கள். குடும்பச் சூழ்நிலையைத் தாராளமாக எழுதலாம், ஆனால் அதற்காக விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகவேண்டாம். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-ல், இந்த மாதிரித் தவறுகளுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறது. எனக்கும் மூன்று மாதம்தான் போட்டார்கள். நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அழுகை வந்தது.

வக்கீல்? உங்கள் விஷயத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. விபத்து, உயிர்ச்சேதம், போலீஸ் வழக்கு ஏதாவது இருந்தால் கட்டாயம் வையுங்கள். போலீஸ் வழக்கிலோ ஆர்.டி.ஓ. விசாரணையிலோ நீங்கள் சொல்வது மற்றதிலும் வந்து நிற்கும். வெளியே நிற்கும் புரோக்கர் "நான் முடித்துத் தருகிறேன்" என்றால் நகர்ந்துவிடுங்கள்.

போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வராவிட்டால் கையில் இருக்கும் காகிதத்தை வைத்தே உத்தரவு போட்டுவிடுவார்கள். கடலுக்குப் போயிருந்தாலோ உடம்பு சரியில்லை என்றாலோ, தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்து வேறு நாள் கேளுங்கள்.

உத்தரவு எழுத்தில்தான் வரும், காரணமும் அதில் இருக்கவேண்டும். ஒப்பவில்லை என்றால், கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் பக்கத்துத் தெருவுக்குக்கூட வண்டியை எடுக்காதீர்கள். தகுதிநீக்கத்தில் இருக்கும்போது ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த மூன்று மாதமும் வண்டியை என் மச்சான் ஓட்டினான், நான் கூடவே போய்ப் பெட்டி ஏற்றி இறக்கினேன். காலம் முடிந்ததும் உரிமத்தைக் கேட்டு வாங்குங்கள், அரசின் ஓட்டுநர் உரிம இணையதளமான சாரதியிலும் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் பதில் தர எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எனக்கு ஏழு நாள் கொடுத்திருந்தார்கள், அதில் நான்கு நாள் யாரிடம் கேட்பது என்று அலைவதிலேயே போய்விட்டது.