டி.என்.டி. போட்டும் ஓயாத லோன் அழைப்புகள்

கேள்வி: தறியில் உட்கார்ந்தால் போதும், "லோன் வேணுமா சார்?" என்று போன். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதியும் டி.என்.டி. போட்டும் நிற்கவில்லையே? - வாசகர், குடியாத்தம்.

பதில்: முதலில், ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பதிவை உறுதி செய்யுங்கள். பதிவு பெற்ற விளம்பர நிறுவனங்களின் அழைப்புகள் 140-ல் தொடங்கும், அவை அடங்கிவிடும். உங்களுக்கு வருவது சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து என்றால், அவர்கள் அப்படிப் பதிவே பெறாதவர்கள், டி.என்.டி. பட்டியலைப் பார்ப்பதே இல்லை. பிளாக் செய்தால் வேறு சிம்மில் வருவார்கள். ஆகவே புகார்தான் வழி. எண், தேதி, என்ன விற்றார்கள் என்பதைக் குறித்துவைத்து, 7 நாளுக்குள் 1909-க்கோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. செயலியிலோ கொடுங்கள். தொடர்ந்து புகார் சேர்ந்தால்தான் அந்த இணைப்பைத் துண்டிப்பார்கள். ஓ.டி.பி. கேட்டால் அது மோசடி. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவியுங்கள். பணம் போய்விட்டதா? நொடியும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.