யோக் என்றால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்,

அயர்லாந்தின் டப்ளினில் செவிலியாக வேலை செய்கிறேன். கத்தரிக்கோல், ரிமோட், பேனா மூடி, எது வேண்டுமென்றாலும் இங்கே “அந்த யோக்கை எடு” என்கிறார்கள். முட்டையின் மஞ்சள் கருவா என்று முதலில் விழித்தேன். அகராதியோ நுகத்தடி என்கிறது. விளக்குவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முட்டையை முதலில் ஒதுக்கிவிடலாம். மஞ்சள் கருவுக்கான ஆங்கிலச் சொல்லும் யோக் என்றே ஒலிக்கும், ஆனால் அதன் நடுவே ஒலிக்காத ‘எல்’ ஒன்று உண்டு. மஞ்சள் நிறத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அது வந்தது. இரண்டுக்கும் உறவில்லை.

உங்கள் யோக் நுகத்தடியேதான். லத்தீனின் யூகும், கிரேக்கத்தின் ஸுகோன், சமஸ்கிருதத்தின் யுகம் எல்லாம் அதே வேர். நாம் சொல்லும் யோகமும் அந்தக் குடும்பம்தான். பூட்டுதல், சேர்த்தல் என்பதே அடிப்படைப் பொருள். தோற்ற வீரர்களைக் குனிந்து நுழைய வைக்க, இரண்டு ஈட்டிகளை நட்டு மூன்றாவதைக் குறுக்கே கட்டிய அமைப்புக்கும் ரோமானியர் யூகும் என்றே பெயர் வைத்தார்கள். அடிமைப்படுத்துவதைக் குறிக்கும் ‘சப்ஜுகேட்’ அங்கே பிறந்தது. சட்டையின் தோளில் வரும் துணிப்பட்டையும் யோக்தான். நம் தையல்காரர்களுக்குத் தெரியும்.

அயர்லாந்தில் இந்தச் சொல் மாட்டின் கழுத்தைவிட்டு இறங்கிவிட்டது. அயர்லாந்து ஆங்கிலம் பற்றி பி. டபிள்யூ. ஜாய்ஸ் 1910இல் வெளியிட்ட நூல், ஏதோ ஒரு வேலைக்கு உதவும் எந்தப் பொருளும் கருவியும் யோக் என்கிறது. மோட்டார் காரை முதன்முதலாகப் பார்த்த கிராமத்து மனிதர் அதை விசித்திரமான யோக் என்றாராம். பூட்டும் கருவி எந்தக் கருவியாகவும் ஆகி, இன்று கருவியாகக்கூட இருக்க வேண்டியதில்லை. பெயர் நாக்கில் வராதபோது நாம் “அந்த இதை எடு” என்கிறோமே, அதேதான். கண்ணெதிரே இருக்கும் பொருளைக் கைகாட்டிச் சொன்னால்தான் எடுபடும். தொலைபேசியில் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

மனிதர்களையும் சொல்வார்கள். ‘ஆட் யோக்’ என்றால் ஒரு மாதிரியான ஆள். நேருக்கு நேர் சொல்லிவிடாதீர்கள்.

பன்மையில் இன்னும் கவனம் தேவை. ‘யோக்ஸ்’ என்பது பொதுவாகப் பொருள்கள்தான் என்றாலும், இளைஞர் வழக்கில் எக்ஸ்டசி என்ற போதை மாத்திரைகளையும் குறிக்கும். ஆகவே நோயாளியிடம் மாத்திரையை நீட்டி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம். பணி மாறும்போது தரும் குறிப்பிலும் மருந்து, கருவி எதுவானாலும் முழுப்பெயரையே எழுதுங்கள்.